குரல் கேட்டால் எரியும் சால்வை

சென்ற ஆண்டு டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். மைசூரில் ஹெப்பாள் பக்கம் எங்கள் தெருவில் எதிர்வீட்டு கேட்கூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. வராந்தாவில் நான் மாட்டி வைத்திருக்கும் வெப்பமானி பதினைந்து டிகிரி காட்டியது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர்கள் இருமிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது, ஆட்கள் தெரியவில்லை. நான் சமையலறையில் காபி கலந்துகொண்டிருந்தேன். என் மனைவி வழக்கம்போல ஹாலில், ஜன்னலோர நாற்காலியில், சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இந்தா, காபி" என்று அங்கிருந்தே கூப்பிட்டேன். சால்வையின் ஓரத்தில் விளக்குகள் எரிந்தன. அவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி எரிந்தன. மூன்றாம் முறை நான் கூப்பிடவில்லை. டம்ளரை மேடையில் வைத்துவிட்டுப் போய் அவள் கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் "இந்தா, இந்தா" என்று நான் சொல்லச் சொல்ல, அவள் மடியில் அந்தப் பன்னிரண்டு விளக்குகளும் எரிந்து எரிந்து அணைந்தன.

சால்வை எப்படி எரியும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆணி, நட்டு, போல்ட்டு என்று எண்ணியே வயதாகிவிட்டது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாடியில் இருக்கும் ஒற்றை அறையைப் படிக்கிற பெண்களுக்கு வாடகைக்கு விடுவோம். கடைசியாக வந்த பெண் ஹனூர் பக்கம் தமிழ் பேசும் ஒரு விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவள். இங்கே ஒரு கல்லூரியில் ஆடை வடிவமைப்பு படித்தாள். கடைசி வருஷம். மாடிப்படி வெளிப்பக்கம் என்பதால் அவள் வருவதும் போவதும் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பேசுவது மட்டும் அவளுக்கு நன்றாகத் தெரியும். காரணம், என் மனைவிக்குக் காது கேட்காது.

ஆறு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பிறகு அநேகமாக ஒன்றுமே கேட்காமல் போயிற்று. காதுக்கு மெஷின் வாங்கினோம். நான்கு நாள் மாட்டினாள். "காதுக்குள்ள யாரோ தகரத்தை இழுத்துட்டே போறாங்க" என்று கழற்றி, பஞ்சில் சுற்றி, பீரோவில் வைத்தாள். அதோடு சரி. அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினாலும் முகத்தைப் பார்த்துக் கத்த வேண்டும். முதுகு காட்டி நின்றால் வீடே இடிந்தாலும் அவளுக்குத் தெரியாது.

ஜூலையில் ஒரு சாயங்காலம், நல்ல மழை. மாடிப் பெண் குடையை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள்.

"தாத்தா, கோவிச்சுக்காதீங்க. டெய்லி இப்படிச் சண்டை போடறீங்களே, எதுக்குங்க?"

"சண்டையா? ரசத்துக்கு உப்புப் போட்டியான்னு கேட்டேம்மா."

"தெருவுக்கே கேக்குதுங்க. எதிர்வீட்டு ஆன்ட்டி, 'ஏன் பாப்பா, அந்த அஜ்ஜ ஹெண்டத்தியை அடிப்பாரா'ன்னு என்கிட்ட விசாரிக்கறாங்க."

கன்னடத்தில் அஜ்ஜ என்றால் தாத்தா, ஹெண்டத்தி என்றால் பெண்டாட்டி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மனைவி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்றாள். அந்தப் பெண் அவள் எதிரில் குந்தி உட்கார்ந்து, உதட்டை நிதானமாக அசைத்து, விஷயத்தைச் சொன்னாள்.

"இவரா? அடிக்கிறாரா?" என்று என் மனைவி சிரித்தாள். "கொசு கடிச்சாக்கூட, 'நீ வந்து அடி'ன்னு என்னைத்தான் கூப்பிடுவாரு."

அன்றைக்குத்தான் அந்தப் பெண்ணுக்கு யோசனை வந்தது. கடைசி வருஷத்தில் எல்லாரும் துணியில் மின்சாரம் சேர்த்து ஓர் உடை செய்து காட்ட வேண்டுமாம். உடன் படிக்கிறவர்கள் மேடையில் சுற்றினால் மின்னும் பாவாடை, பட்டாம்பூச்சி விளக்கு வைத்த கவுன் என்று ஆரம்பித்துவிட்டார்கள். இவளுக்கு மட்டும் ஒன்றும் தோன்றாமல் இருந்தது. "பாட்டிம்மாவுக்கு ஒரு சால்வை பண்ணட்டுங்களா? நீங்க கூப்பிட்டா எரியற மாதிரி" என்று கேட்டாள். பாட்டிம்மா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி எழுந்து போய், தன்னுடைய சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையை எடுத்துவந்து அவள் மடியில் போட்டாள்.

என்னிடம் யாரும் கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கம்பளி, அதில் பாட்டரி, அதற்குள் ஒரு வயதான மனுஷி. தீப்பிடித்தால் யார் பொறுப்பு? இது ரொம்பச் சின்ன பாட்டரி, ஷாக்கும் அடிக்காது, ஒன்றும் ஆகாது என்று அந்தப் பெண் எவ்வளவோ சொன்னாள். நான் ஒரு வாளி நிறைய மணல் கொண்டுவந்து ஹாலில் வைத்தேன். சால்வை தைத்து முடிகிறவரை அது அங்கேயே இருந்தது. தெருப்பூனைக்குத்தான் உபயோகப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து தைப்பார்கள். மின்சாரம் போகிற நூல் என்று ஒன்று இருக்கிறது. எஃகில் செய்தது, ஆனால் சாதாரணத் தையல் நூல்போல ஊசியில் கோக்கலாம். வயருக்குப் பதில் அதிலேயே ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு போக வேண்டும். பிளஸ் ஒரு வரிசை, மைனஸ் ஒரு வரிசை. இரண்டும் எங்கேயும் ஒட்டக் கூடாது. முடிச்சுப் போட்ட இடத்தில் நூல் பிரியாமல் இருக்க நகப்பூச்சு தடவ வேண்டும். விளக்குகள் ஒவ்வொன்றும் துவரம்பருப்பு அளவுதான். மடியில் வந்து விழும் முன்னோரத்தில் அவற்றை வரிசையாகப் பதித்தார்கள். அப்போதுதானே அவள் கண்ணில் படும்? தோள் பக்கம் ஐந்து ரூபாய் நாணயம் போல ஒரு வட்ட போர்டு, பக்கத்தில் சத்தம் வாங்கும் சின்ன மைக். அந்தப் பெண்ணின் தையல் கோணல். என் மனைவி அதைப் பிரித்துப் பிரித்து நேராகப் போட்டாள். "காலேஜ்ல இத்தனை வருஷம் என்னதான் சொல்லித் தந்தாங்க?" என்று அவள் கேட்பதும், "கம்ப்யூட்டர்ல வரையச் சொல்லித் தந்தாங்க பாட்டிம்மா" என்று இவள் சொல்வதும், இரண்டு பேரும் சிரிப்பதும், எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

முடிந்த அன்று ஒரு கூத்து நடந்தது. பாட்டரியைச் சொருகிவிட்டு அந்தப் பெண் கை கழுவப் போனாள். என் மனைவிக்குப் புதுத்துணி எதுவானாலும் மூலையில் மஞ்சள் வைக்காமல் உடுத்தும் வழக்கம் இல்லை. சால்வை பழையதுதான், ஆனால் புதிதாக வேலை செய்ததால் புதுசு என்று அவள் கணக்கு. மஞ்சளை நிறையத் தண்ணீரில் குழைத்து மூலையில் வைத்தாள். அது வழிந்து நூல் வரிசை இரண்டின் மேலும் பரவிவிட்டது. விளக்கெல்லாம் காக்காய் வலிப்பு வந்தது போலத் துடித்தன. "அய்யோ பாட்டிம்மா!" என்று ஓடி வந்த பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. என் மனைவி பயந்துபோய், "நல்லதுக்குத்தானே வச்சேன்" என்றாள். நான் மணல் வாளியைத் தூக்கிவிட்டேன். என்னை வாளியும் கையுமாகப் பார்த்த பிறகுதான் இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த மூலையைப் பிரித்துத் திரும்பத் தைக்க ஒரு வாரம் ஆயிற்று.

பிறகு சால்வை எரிந்தது. நான் கொல்லைப்பக்கத்திலிருந்து கூப்பிட, ஹாலில் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவள் திரும்பி "என்ன?" என்றாள். அப்படி அவள் என் குரலுக்குத் திரும்பி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எனக்குச் சொல்ல வேண்டியது மறந்துபோயிற்று. "ஒண்ணுமில்ல" என்று கை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு காலையில் எழுந்தது முதல் ராத்திரி படுக்கும்வரை சால்வை அவள் மேல்தான். மின்சாரம் ஏற்றினால் நான்கு நாள் வரும். ஏற்றுவது என் வேலை. தேர்வு டிசம்பர் பதினேழாம் தேதி புதன்கிழமை என்று வைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் எதிரில் உடையைப் போட்டுக் காட்ட வேண்டும். போட்டோ, வீடியோ எல்லாம் செல்லாது. உடை மேஜை மேல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷமே போச்சு. "இதோட முடிச்சுக்க. இன்னொரு வருஷம் ஃபீஸ் கட்ட என்னால ஆகாது, முடியலைன்னா ஊருக்கு வந்துரு" என்று அவளுடைய அப்பா சொல்லியிருந்தார். அதனால் கொடுக்கிற நாள்வரைக்கும் பாட்டிம்மா உடுத்தி உடுத்தி, என்னென்ன குறை வருகிறதென்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வியாழன் இரவுதான் முழுதாகச் சார்ஜ் ஏற்றினேன். மறுநாள் காலை நடந்ததை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். இருதயம் நின்றுவிட்டது, வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர்.

சாமராஜநகரிலிருந்து என் மனைவியின் தம்பி வந்தார். அங்கே மண்டியில் வியாபாரம் செய்கிறவர். வந்ததும் எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் அவளைக் குளிப்பாட்ட எடுத்துப் போனபோது, உடம்பில் கிடந்த புடவை, சால்வை, தலையணை உறை எல்லாவற்றையும் ஒரு பழைய ஜமுக்காளத்தில் வைத்துக் கட்டி வெளியே போட்டார்கள். கடைசியாக உடம்பில் கிடந்த துணி வீட்டில் இருக்கக் கூடாது. ஆற்றில் விட்டுவிட வேண்டும். அது எங்களில் வழக்கம். யாரும் என்னைக் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் தலையைத்தான் ஆட்டியிருப்பேன். சால்வை யாருடையது, யாருக்கு வேண்டியது என்பதெல்லாம் என் நினைவிலேயே இல்லை. மாடிப் பெண் அந்த மூன்று நாளும் கீழேயேதான் இருந்தாள். வந்தவர்களுக்குக் காபி கொடுத்தாள், பாத்திரம் கழுவினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வேலை இருந்ததால் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் முடித்துவிடுவதென்று ஆயிற்று. ஞாயிறு விடியற்காலை ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரிக்குப் போனோம். அங்கேயும் பனி, ஆறு சத்தத்தில்தான் இருந்தது. சாம்பலைக் கரைத்துவிட்டு நான் படியில் ஏறி நின்றேன். மைத்துனர் அந்த ஜமுக்காள மூட்டையைக் கொண்டுவந்தார். முடிச்சோடு தண்ணீரில் விடக் கூடாதென்று அவிழ்த்தார். சால்வைதான் மேலே இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்ததும் என்னையறியாமல் "இந்தா..." என்று வாய்விட்டு வந்துவிட்டது.

சால்வை எரிந்தது.

கார் ஓட்டி வந்தவர் இரண்டு படி தாண்டிக் குதித்தார். மைத்துனர் சால்வையைப் படியில் போட்டுவிட்டு, "அக்கா!" என்றார். அதற்கும் எரிந்தது. அதுவரை எல்லாரையும் அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த மனுஷர், அப்படியே படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

"ஒண்ணுமில்லப்பா, பயப்படாதே. மெஷின் வச்சுத் தைச்சது. என் குரலுக்கு எரியும்" என்றேன்.

"என் குரலுக்கும் எரியுதே மாமா" என்றார்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். மாடிப் பெண் எல்லாருக்கும் பின்னால், கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். தன் அழுகைக்கும் அது எரிந்துவிடக் கூடாதென்று. எனக்கு எல்லாம் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது.

"உனக்குப் புதன்கிழமைதானேம்மா?"

தலையை ஆட்டினாள்.

"ஏம்மா வாயைத் திறந்து கேக்கல?"

"எப்படிங்க தாத்தா கேக்கறது? பாட்டிம்மா மேல கெடந்ததுங்க."

மைத்துனர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் சரி மாமா. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? திரும்ப வீட்டுக்குள்ள கொண்டு போகக் கூடாது."

"வீட்டுக்குள்ள வராது. காலேஜுக்குப் போகும்" என்றேன்.

காரியம் செய்துவைத்த பெரியவர் கன்னடக்காரர். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "ஸ்வல்ப நீரு முட்டிஸி, சாக்கு" என்றார். கொஞ்சம் தண்ணீரில் தொட்டு எடுத்தால் போதுமாம். "தண்ணி வேண்டாங்க!" என்று அந்தப் பெண் பாய்ந்து வந்தாள். பையிலிருந்து நூல் வெட்டும் குட்டிக் கத்தரிக்கோலை எடுத்து, நூல் ஓடாத ஓரமாகப் பார்த்து, இரண்டு விரல் அகலத்துக்குக் குஞ்சத்தை வெட்டி என் கையில் கொடுத்தாள். அதை நான் ஆற்றில் விட்டேன். நனைகிறவரை மிதந்தது. சரி என்று பெரியவர் தலையை அசைத்தார். புதன்கிழமைவரை சால்வை மாடி அறையில் இருக்க வேண்டும்; வெளிப்பக்கத்து மாடிப்படி வீட்டுக்குள் சேர்த்தியா இல்லையா என்று காரில் வரும்போது மைத்துனர் யோசித்து, சேர்த்தியில்லை என்று அவரே தீர்ப்பும் சொன்னார்.

புதன்கிழமை நானும் அவளோடு பஸ்ஸில் போனேன். உடுத்திப் பார்த்தவர் யாராவது வர வேண்டுமாம். உடுத்திப் பார்த்தவள் இல்லை. கூப்பிட்டவனாவது போகலாம் என்று போனேன்.

பெரிய கூடத்தில் வரிசையாக மேஜைகள். பாவாடைகள் மின்னின, கவுன்கள் மின்னின. சாம்பல் நிறத்தில் இருந்தது இது ஒன்றுதான். தேர்வாளர் பெங்களூரிலிருந்து வந்த அம்மாள், மரியாதையாகப் பேசினார். அந்தப் பெண்ணே சால்வையைப் போர்த்திக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். "கரீரி அங்கிள்" என்று தேர்வாளர் சொன்னார். கூப்பிடச் சொல்கிறார்.

எனக்குக் கூப்பிட வரவில்லை. சாம்பல் நிறச் சால்வை, ஜன்னல் வெளிச்சம், திரும்பாத முதுகு. கத்திப் பழகியவன், கடைசியில் எனக்கே கேட்காத குரலில் "இந்தா" என்றேன். எரிந்தது. அந்தப் பெண் திரும்பினாள்.

தேர்வாளர் அதைப் பாராட்டினார். ஆனால் பக்கத்து மேஜையில் யாரோ நாற்காலியை இழுத்ததற்கும் எரிந்தது. யாரோ தும்மியதற்கும் எரிந்தது. அவர் முகம் மாறியது. சத்தத்தின் அளவைச் சரியாக வைக்கவில்லையே, எதற்கெடுத்தாலும் எரிந்தால் உடுத்துகிறவருக்கு எப்படி உபயோகப்படும், இது பெரிய குறை இல்லையா என்று கேட்டார். எனக்கும் அது தெரிந்த குறைதான். நவம்பரில் நானே இரண்டு தடவை அவளிடம் சொல்லியிருந்தேன். குக்கருக்கு எரிகிறது, காய்கறி வண்டிக்கு எரிகிறது, சரி செய்யம்மா என்று.

அந்தப் பெண் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கன்னடத்தில் மெல்லச் சொன்னாள். முதலில் சரியாகத்தான் வைத்திருந்தாளாம். உரக்கக் கூப்பிட்டால் மட்டும் எரிகிற மாதிரி. ஒரு நாள் நான் கடைக்குப் போயிருந்தபோது பாட்டிம்மா அவளைக் கூப்பிட்டாளாம். அந்த இடம் வந்ததும், தேர்வாளர் இருப்பதை மறந்தவள் போல என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"'அவரு எப்பவும் கத்திட்டே இருக்கறதில்ல கண்ணு. ராத்திரியில தனக்குத்தானே மெதுவா என்னமோ சொல்லிட்டு இருக்காரு. வாய் அசையறது தெரியுது, என்னன்னு தெரியல. அதுக்கும் எரியற மாதிரி வை'ன்னாங்க தாத்தா. 'எல்லாத்துக்கும் எரியுமே பாட்டிம்மா'ன்னு சொன்னேனுங்க. 'எரியட்டும். எது அவரு பேசறது, எது குக்கருன்னு நான் பாத்துக்கறேன்'னாங்க."

ராத்திரியில் நான் சொல்லிக்கொண்டிருந்தது வேறொன்றும் இல்லை. பால் எத்தனை பாக்கெட், கேஸ் என்றைக்கு மாற்றினது, கரண்ட் பில் ஏன் ஏறியது. தூக்கம் வராத கிழவனின் முணுமுணுப்பு. கடைசி இரண்டு மாதமும் அவள் அடிக்கடி மடியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், "என்ன சொன்னீங்க?" என்பாள். நான் ஒவ்வொரு தடவையும் கையை ஆட்டி "ஒண்ணுமில்ல" என்பேன். திரும்பக் கத்திச் சொல்ல அலுப்பு. ஆறு வருஷத்துக்குப் பிறகு என்னோடு பேசுவதற்கு ஒரு வழி கண்டுபிடித்து, ஒரு நாளில் பத்து முறை வந்து நின்று அவள் கேட்டிருக்கிறாள். மெஷின் கோளாறு என்று நான் நினைத்தேன்.

பாட்டிம்மா சொன்னதை அந்தப் பெண் தேர்வாளருக்குக் கன்னடத்திலும் சொன்னாள். அவர், காரணம் தனக்குப் புரிகிறது, ஆனால் குறை குறைதான் என்று சொல்லி, அதற்கு உண்டான மார்க்கைக் குறைத்தார். அவர் செய்தது நியாயம். அந்தப் பெண் பாஸாகிவிட்டாள். முதல் வகுப்பு வரவில்லை.

"ஏம்மா, மைக் திருகாணியைக் கொஞ்சம் திருப்பி வச்சிருந்தா முழு மார்க்கு வந்திருக்குமே. நேத்து ராத்திரியே செஞ்சிருக்கலாமே" என்றேன், வெளியே வந்து.

"கை போகலீங்க தாத்தா. பாட்டிம்மா வெச்சது" என்றாள்.

போர்டு, மைக், பாட்டரி மூன்றும் கல்லூரி லேபைச் சேர்ந்தவை. தேர்வு முடிந்ததும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பெண் கத்தரிக்கோலை எடுத்தாள், எடுத்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நான் லேபுக்குப் போய், தொலைந்துபோனால் என்ன தொகை கட்ட வேண்டும் என்று கேட்டேன். தொலையவில்லையே சார் என்றார் அங்கிருந்தவர். தொலைந்த மாதிரி எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். என்னையும் சால்வையையும் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அந்தப் பெண் ஜனவரியில் அறையைக் காலி செய்தாள். இப்போது திருப்பூரில் வேலை. மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறாள். சால்வை வராந்தாவில், நிலைப்படிக்கு வெளியே, கிரில் கம்பியில் தொங்குகிறது. மைத்துனருக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. நாலு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுகிறேன். பேப்பர்காரர் சைக்கிள் மணிக்கு எரிகிறது, நாய்க்கு எரிகிறது, என் இருமலுக்கும் எரிகிறது. சாயங்காலம் அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, அன்றைய பால் கணக்கையும் கேஸ் கணக்கையும் சொல்கிறேன். எரிகிறது, "என்ன சொன்னீங்க?" என்று யாரும் கேட்பதில்லை.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போது யாராவது "என்ன சொன்னீங்க?" என்று கேட்டால், அது பால்காரராக இருந்தாலும், எதிர்வீட்டு அம்மாளாக இருந்தாலும், நான் "ஒண்ணுமில்ல" என்று சொல்வதில்லை; நின்று, முகத்தைப் பார்த்து, முதலிலிருந்து முழுதாகத் திரும்பச் சொல்கிறேன். கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் கற்றிருந்தால் காசு செலவில்லாத பாடம். அவள் போன பிறகு கற்றதில், லேபில் கட்டியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது, எனக்குப் போகவர பஸ் டிக்கெட் நாற்பத்து நாலு, பெண்களுக்கு இலவசமென்பதால் அவளுக்கு டிக்கெட் இல்லை, ஆக மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு ரூபாய்.